அய்தா பின்னோக்கித் தவழ்ந்தாள்

ஏப்ரல் வந்தால் ஸ்லோவேனியாவில் செர்ரி பூக்கும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அளக்கும் வேலையும் தொடங்கிவிடும். எடை, உயரம், தொங்கல், தாண்டல், ஓட்டம் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். என் மகள் அய்தாவுக்குப் பதினொரு வயது. வகுப்பிலேயே குண்டு அவள்தான். ஒரு காலத்தில் அந்த இடம் என்னுடையது. எங்கள் வாத்தியார் எடையை உரக்கப் படிப்பார், வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில்தான் குடியிருக்கிறது.

அதனால் இந்த வருடம் அய்தாவை அளக்கச் சம்மதமில்லை என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. கேட்பானேன், தாயறியாத சூலுண்டா?

அளக்கும் நாளன்று உடற்பயிற்சி ஆசிரியர் ரோஸ்மான் போனில் அழைத்தார்.

"மேடம், உங்க பொண்ணு வரிசையில வந்து நிக்கிறா. போகச் சொன்னா போகமாட்டேங்கிறா."

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனே சார்!"

"நானும் சொன்னேன். 'எங்கம்மாவை வரச் சொல்லுங்க, நேர்ல கேட்டுக்கிறேன்'ங்கிறா."

கையோடு இழுத்து வந்துவிடுவது என்றுதான் போனேன். கூடத்தில் ஒவ்வொருவராகப் பின்னோக்கித் தவழவிட்டு நேரம் குறித்துக்கொண்டிருந்தார்கள். கையும் காலும் ஊன்றி, திரும்பிப் பார்க்காமல், மரப்பெட்டிமேல் ஏறி இறங்கி, ஒரு மரச்சட்டத்துக்குள் நுழைந்து போக வேண்டும். ஒல்லிப் பையன்களெல்லாம் பெட்டியில் முட்டிக்கொண்டு விழித்தார்கள்.

"அளக்காம சும்மா போகட்டும்னு விட்டிருக்கேன்" என்றார் ரோஸ்மான். அய்தா குனிந்தாள்.

"லாரி ரிவர்ஸ்ல வருதுடா, ஒதுங்கு!" என்றான் தியன் என்கிற ஒரு வாலு.

அவள் கிளம்பினாள். ஞாயிறானால் அப்பாவோடு குகைக்குள் போகிறவள். அங்கே திரும்ப இடமிருக்காது; நுழைந்த பொந்திலிருந்து கால் முதலில் வெளியே வர வேண்டும். கால்நுனியால் பெட்டியைத் தடவினாள், ஏறினாள், வழுக்கி இறங்கினாள். சட்டத்துக்குள் அந்த உடம்பு உரசாமல் போனது. இத்தனை வருடம் நான் மறைக்கப் பார்த்த உடம்பு! நான் பெற்றதுதானா இது? தியனும் வாயைப் பிளந்து நின்றான்.

"ஐயோ, கடிகாரத்தை அமுக்கலையே!" என்று தலையில் கைவைத்தார் ரோஸ்மான்.

அய்தா மூச்சிரைக்க என்னிடம் வந்தாள்.

"இப்ப சரின்னு சொல்லும்மா. மறுபடி போறேன்."

"சரிடி. ஆனா எடை மட்டும் வேண்டாம்."

"பெட்டி மேல ஏறினதும் இதே எடைதானேம்மா? எடையை விட்டுட்டு தவழ்ந்த நேரத்தை மட்டும் எப்படி எழுதுவாங்க?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு வெட்கமா இருந்தா வெளிய நில்லு."

எடை பார்க்கும் இடத்தில், என் காலத்தில் இல்லாத ஒரு திரை கட்டியிருந்தார்கள். அவள் ஷூவைக் கழற்றினாள். நான் வெளியே போகவில்லை. ஷூவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன்.