ஊசி எடுக்காத தையல் வகுப்பு

...இல்லை, காலடியில் வைத்தால் பஸ் குலுங்கும்போது உருண்டுவிடும், மடியிலேயே இருக்கட்டும், மடியில் இருந்தால் என்ன, கடித்தா விடும், வெறும் பிராந்திப் போத்தல்தானே, பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் கட்டி, மாமியார் தன் கையாலேயே பைக்குள் நிறுத்தி வைத்துக் கொடுத்தது, "கண்மணிக்குக் கொடுத்துடும்மா, பிள்ள பெத்த ஒடம்பு, அந்திக்கு ஒரு மூடி வெந்நீர்ல கலந்து குடிக்கச் சொல்லு, நம்ம வீட்டுலேருந்து ஒண்ணும் போகலேன்னா சம்பந்தி வீட்டுல வாய் சும்மா இருக்குமா?" என்று... கொழுந்தன் மனைவிக்குப் பிரசவம், அவள் பிடோக்கில் தாய் வீட்டில் இருக்கிறாள், மூத்த மருமகள் போய்ப் பார்க்காமல் வேறு யார் போவது, சந்திரமதி மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அந்த ஏனுக்குப் பதில் தெரிந்தவர்கள் இந்த ஊரில் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், அதில் மாமியார் இல்லை. மாமியாரைக் குறை சொல்லவும் முடியாது. கள்ளுக்கடை இருக்கும் தெருவென்றால் சுற்றிக்கொண்டு போகிற மனுஷி, ஆனால் பிராந்தி சாராயமா என்ன, மருந்து, அலமாரியில் சுக்குக்கும் ஓமத்துக்கும் பக்கத்தில் சாமி படத்துக்கு நேர் கீழே இருப்பது, பிள்ளை பெற்றவளுக்குக் காயத்தோடும் பூண்டோடும் சேர்த்துக் கொடுப்பது, அதைக் குடித்து ஒருத்தி கெட்டுப்போவாள் என்றால் இஞ்சிக் கஷாயம் குடித்துக் கெட்டுப்போனாள் என்பது மாதிரி அவர் சிரிப்பார். சிரித்தாலும் பரவாயில்லை, சிரிக்காமல் நிமிர்ந்து பார்த்தால்?

சந்திரமதிக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, லீலா பிறந்தபோது, அந்திக்கு ஒரு மூடி, உடம்பு சுடச்சுட இறங்கி, தோள் கழன்று, குழந்தையின் அழுகை அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி தூரமாகப் போய், அப்பா, என்ன சுகம்... பத்தியம் முடிந்தது, மூடி முடியவில்லை. ஒரு மூடி ரெண்டானது, மூடி டம்ளரானது, குறைந்த அளவுக்குப் பால் சேர்க்காத கட்டஞ்சாயத் தேநீரை ஊற்றி நிறம் சரிபார்த்து வைத்தாள், துணிக்கடைக்காரன் மகளுக்கு நிறம் சேர்க்கவா தெரியாது, அசலும் நகலும் வெயிலில் பிடித்தாலும் ஒன்றாய்த் தெரியும். ஒருநாள் மாமியார் வயிற்று வலிக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, நேரே பிராந்தி வாங்கிய மளிகைச் சரக்குக் கடைக்குப் போய், "எங்கிட்டயே கலப்படமா?" என்று தெருவே கூடச் சண்டை போட்டு, அவன் விழித்து விழித்துப் பார்த்து, கடைசியில் உயர்ந்த ரகம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பி வைத்தான். இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, பக்கத்துச் சீட்டுச் சீனக் கிழவி திரும்பிப் பார்க்கிறாள், பார்க்கட்டும். அடுத்ததை நினைத்தால்தான் சிரிப்பு நிற்கும்... கடையில் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் அவள் தூங்கிப்போன மத்தியானம், லீலா தவழ்ந்து தவழ்ந்து கடை முன் நடைபாதை அஞ்சடியைத் தாண்டிச் சிராங்கூன் ரோட்டில் இறங்கியது, காப்பிக்கடை ஆள் ஓடிப்போய்த் தூக்கியது, லாரி பிரேக் போட்ட சத்தத்துக்குக்கூட அவள் எழவில்லை, கணவர் அழகப்பன் தண்ணீர் தெளித்து எழுப்பினார். அவர் திட்டவில்லை. துணி மடிக்கிற மாதிரி அவள் முந்தானையை மடித்து மடித்து நீவிக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா" என்றார். வீட்டாரிடம் ரத்தசோகை என்று சொன்னார். ரத்தசோகை! நல்ல வியாபாரி, எந்தச் சரக்குக்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்.

பஸ் கேலாங்கைத் தாண்டுகிறது, வெயில் ஜன்னல் வழியே நேராக மடியில் விழுகிறது, போத்தல் சூடாகிறதோ... ஆகட்டும். ஆஸ்பத்திரி வார்டில்தான் நர்ஸ் பரீதா மிஸ்ஸி பழக்கம். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், தலையில் துப்பட்டி, பேச்சில் ஊசி, "ஒன்னப்போல இன்னும் இருக்காங்கம்மா, ஒருத்தி இருமல் மருந்து, ஒருத்தி தூக்க மாத்திரை, எல்லாம் சின்னப் பொண்ணுங்க, எல்லாருக்கும் வீட்டுல ரத்தசோகை" என்று சிரித்தார். ஃபேரர் பார்க்கில் மிஸ்ஸி வீட்டுக் கூடத்தில் வாரம் ஒருமுறை கூடுவார்கள், வெளியே பலகை தொங்கும், பெண்களுக்குத் தையல் வகுப்பு, நடுவில் ஒரு மிஷின், அதன்மேல் எப்போதும் பிஸ்கட் தட்டு. ஒருத்தி ஊசி எடுத்தது கிடையாது. அழுவார்கள், திட்டுவார்கள், அந்த வாரம் தப்பியதைச் சொல்வார்கள், தப்பாததையும் சொல்வார்கள், சொன்னவளுக்கு இன்னொரு பிஸ்கட். அங்கேதான் சந்திரமதி தன் கடை வித்தையை எடுத்துவிட்டாள். ஆசை வருகிறதா, அது வாடிக்கைக்காரி மாதிரி, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றுதான் நுழையும், அதை உட்கார வைத்துக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தீர்களோ தொலைந்தீர்கள், உட்கார்ந்தவள் வாங்காமல் எழுந்து போனதாகச் சரித்திரமே இல்லை, ஆகவே பாயை விரிக்காதே, விசிறியைப் போடாதே, நிற்க வைத்தே பேசி அனுப்பு. மிஸ்ஸி கைதட்டினார். அதிலிருந்து அந்தக் கூடத்தில் யாராவது வாடியிருந்தால் கேள்வி ஒன்றுதான், "என்னடி, உட்கார வச்சிட்டியா?"

இதோ, இப்போதும் வந்து வாசலில் நிற்கிறாள் அந்த வாடிக்கைக்காரி, கட்டோங் தென்னைமரங்கள் ஓட ஓட, 'என்ன சந்திரா, மோந்து பார்க்கக்கூடவா கூடாது, காகிதத்துக்கு மேலேதானே...' நில், நில்லு, சீட்டு காலியில்லை, பக்கத்தில் சீனக் கிழவி இருக்கிறாள். சந்திரமதிக்குத் தன்னை நினைத்தே ஒரு பெருமிதம். கடலில் வீசலாம், ஆனால் அடுத்த வாரம் மாமியார் இன்னொன்று கொடுத்தனுப்புவார். பஸ்ஸில் மறந்த மாதிரி விட்டுவிட்டால்? அதே. அப்படியே கொடுத்துவிட்டு வரலாம், ஊரில் எத்தனையோ பேர் குடித்துவிட்டுப் பத்தியம் முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள், கண்மணிக்கு மட்டும் ஏன்... ஆனால் அந்த 'மட்டும்' என்ற வார்த்தையைத்தான் அவள் நம்பத் தயாராக இல்லை. பைக்குள் இன்னொரு வம்பும் இருந்தது, பிள்ளைக்கு ஒரு சட்டை. "இத்தனை நாளா வகுப்புக்குப் போறியே, உன் கையால ஒரு சட்டை தச்சுக் கொண்டுபோ" என்று மாமியார் சொல்லிவிட்டார், இவளுக்குப் பித்தான் தைக்கவே விரல் குத்தும், தேக்கா சந்தையில் ஒன்று வாங்கிக் கழுத்துச் சீட்டைப் பிரித்தெடுத்துவிட்டு, சொந்தத் தையல் போலத் தெரியட்டும் என்று ஒரு பக்கம் கோணலாக இரண்டு நூலும் இழுத்துவிட்டிருந்தாள்.

கண்மணி கட்டிலில் சாய்ந்திருந்தாள், மஞ்சள் பூசிய முகம், பக்கத்தில் தூளி, தூரத்தில் கடல் இரைச்சல். "வாங்கக்கா" என்றாள், பார்வை முகத்தில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு பைக்குப் போயிற்று. "அத்தை ஏதாச்சும் குடுத்தாங்களா?" கேட்ட விதம் பெரிய விஷயமில்லைதான், ஆனால் அந்தப் பார்வையைச் சந்திரமதி நிலைக்கண்ணாடியில் நாள்தவறாமல் பார்த்தவள். கண்மணியின் அம்மா செல்லக்கண்ணு பெருமையாகச் சொன்னார், "மருந்தெல்லாம் ஒழுங்கா குடிச்சுருதும்மா, அடம்பிடிக்கறதேயில்ல, நானே மறந்தாலும் இது ஞாபகப்படுத்துது." ஞாபகப்படுத்துகிறாளாம்! சந்திரமதி சட்டையை மட்டும் எடுத்து நீட்டினாள். கண்மணி அதை உள்புறம் திருப்பிப் பார்த்தாள், விரலால் ஓரத்தை நீவினாள், அம்மா காப்பி போட உள்ளே போகட்டும் என்று காத்திருந்தாள். "அக்கா, இது கடைத் தையல்தானே."

"நான்தான் தச்சேன்."

"உங்க ஜாக்கெட்டு கொக்கி அந்துபோனதுக்கே எங்கம்மாகிட்ட குடுத்துத் தச்சுக்கிட்டீங்க. இத்தனை மாசமா போறீங்களே, அங்க என்னதான்க்கா பண்ணுறீங்க?"

இதற்கு ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது, நல்ல பொய், கடையில் சாயம் போகாது என்று சொல்லும்போது வருகிற குரலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் தூளி லேசாக ஆடியது, சிராங்கூன் ரோட்டில் லாரி பிரேக் போட்டது, அவள் கேட்காத அந்தச் சத்தம் இங்கே, இந்தக் கம்பத்தில், கடலோரக் கிராமத்து வீட்டில், காதுக்குள் கேட்டது, சொல்லிவிட்டாள். தாழ்ந்த குரலில், சுருக்கமாக, கட்டஞ்சாயம், துணிக் கட்டு, லீலா, வார்டு, பிஸ்கட் தட்டு. கண்மணி சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரத்துக்கு வந்தாள், "நானும் வர்றேன்க்கா, தீட்டு கழியட்டும். இன்னிக்கு மட்டும் அதை வச்சிட்டுப் போங்க."

"இன்னிக்கு மட்டும்கிறது எங்க கடையில இல்லாத சரக்கு."

"அரை போத்தல்?"

"முடியாது."

"அப்ப அத்தைகிட்ட உங்க கதையச் சொல்லிருவேன்."

"சொல்லு. அவங்க ஒன்னையும் கேப்பாங்க, உனக்கு எப்புடிடி தெரியும்னு." இதைச் சொல்லும்போது முகம் ஆடவில்லை, கஜக்கோலைப் பிடித்தவள் முகம் ஆடலாமா. கண்மணி சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு, "எடுத்துட்டுப் போங்க, சீக்கிரமா போங்க" என்றாள். காப்பியோடு வந்த செல்லக்கண்ணுவிடம், பிராந்தி குடித்தால் இந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்காது என்று பெரிய மிஸ்ஸி சொல்கிறார், நாளைக்கு அவரையே அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பால் கதை அப்போது முளைத்தது, மிஸ்ஸியை அழைத்து வருவது மட்டும் நிஜம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரச் சீட்டு, கடற்காற்று, என்ன சாமர்த்தியம், ஒரு சொட்டு இறங்காமல் ஒரு பெண்ணை வகுப்புக்கு ஒப்புக்கொள்ள வைத்தாயிற்று, மிஸ்ஸி கேட்டால் தட்டோடு பிஸ்கட் கொடுப்பார், அழகப்பனிடம் சொன்னால் உன் அப்பாவே இப்படிப் பேரம் முடித்ததில்லை என்பார்... கேலாங் வந்தது, பஸ் மாறினாள், லாவண்டர் ஸ்ட்ரீட் வந்தது, மனம் இன்னும் அந்தக் கட்டில் பக்கத்திலேயே நின்று தன் வசனங்களை அழகு பார்த்துக்கொண்டிருந்தது, முடியாது என்று எவ்வளவு சட்டென்று சொன்னோம், அரை போத்தல்கூடத் தரமாட்டேன் என்று எவ்வளவு உறுதி... பிடோக்கில் கிணற்றடி இருந்தது. கடல் இருந்தது. அங்கேயே திறந்து கொட்டியிருக்கலாமே, கண்மணி கண் முன்னாலேயே கொட்டியிருக்கலாம், அது ஏன் ஒருமுறைகூடத் தோன்றவில்லை? போகும்போது கடல் ஞாபகம் வந்தது, வரும்போது மட்டும்... முழுப் போத்தலுக்கு வாதாடினாளே, யாருக்காக? இவ்வளவு சுலபமாகப் பேரம் படிந்தால் வாங்கியவள் யார் என்று பார்க்க வேண்டாமா?

குனிந்து பார்த்தாள். சணல் நழுவியிருந்தது. பழுப்புக் காகிதம் கழுத்துவரை இறங்கியிருந்தது, மூடியைச் சுற்றிய ஈயக் காகிதத்தின் ஓரம் ஒன்று மெல்ல எழும்பி நின்றது, அதன்மேல் அவளுடைய கட்டைவிரல். கடையிலிருந்து வரும்போதே அப்படித்தானா, மாமியார் பையில் திணித்தபோது கிழிந்ததா, இல்லை, கட்டோங்கிலிருந்து இந்த விரல்... ஞாபகமில்லை. நிறம் சேர்க்கும்போது சொட்டுச் சொட்டாய் ஞாபகம் வைத்திருந்தவளுக்கு இது ஞாபகமில்லை.

ஃபேரர் பார்க் வருகிறது. இன்று வகுப்பு நாள் இல்லை, மிஸ்ஸி துவைத்துக்கொண்டிருப்பார், இருக்கட்டும், துவைத்த கையோடு கதவைத் திறக்கட்டும். சந்திரமதி எழுந்து மணிக் கயிற்றை இழுத்தாள், பஸ் நிற்பதற்குள் இன்னொரு முறையும் இழுத்தாள். கட்டைவிரல் இன்னும் மூடியை விட்டு நகரவில்லை.