மேனேஜர் தண்ணீர் குடித்தது

1

இந்தக் கதை தற்பெருமையில் பிறந்தது. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். இதில் பெருமை முழுக்க எனக்கு.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கோழிக்கு நோய் வந்தது. மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. நான். அதுவும் ஒரு வாக்கியம் எழுதப் போய்க் கண்டுபிடித்தேன். இத்தனை வருஷம் எழுதியதில் இந்த வீட்டுக்கு ஒரு பிரயோஜனம் உண்டு என்றால் அது இதுதான். தம்பட்டம் அடிக்காமல் எப்படி இருப்பது?

2

முதல் தொடக்கம்: 'அதிகாலையின் ஈரத்தில் மரணத்தின் வாசனை இருந்தது.' அடித்துவிட்டேன். உண்மையில் இருந்தது கோழி எச்சத்தின் வாசனை.

இரண்டாவது: 'மனிதன் கோழியை வளர்க்கிறானா, அல்லது கோழி மனிதனை—' இதற்கு மேல் எழுதியிருந்தால் நானே படித்திருக்க மாட்டேன்.

மூன்றாவது: 'மேனேஜர் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மூலையில் நின்றது.' இது பரவாயில்லை. ஆனால் மேனேஜர் யார் என்று சொல்லியாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறார். உடைப்புக்குப் போன பஸ்ஸின் ஜன்னல் கம்பிகளை வாங்கி வந்து கூண்டு கட்டினார். கோழிகளுக்கும் டிப்போ பதவிகளையே பெயராக வைத்தார். எல்லாரையும் கொத்திக்கொண்டே இருப்பது செக்கர். பின்னால் நின்று கத்துவது கண்டக்டர். எதைப் போட்டாலும் தின்று தரையைச் சுத்தமாக்குவது கிளீனர். சிவப்பாக, கனமாக, யார் குறுக்கே வந்தாலும் முறைத்துக்கொண்டு நடப்பது மேனேஜர். (டிரைவர் என்று எதற்கும் பெயர் வைக்கவில்லை. "அந்த வேலைக்கு ஆள் இருக்கு" என்றார்.)

மேனேஜர் குஞ்சாக இருந்தபோது தன் தொப்பிக்குள் வைத்து விளக்கடியில் வளர்த்தவர் அவர். அதற்கு ஏதாவது ஆனால் மனிதர் இரண்டு நாள் சாப்பிட மாட்டார். இந்தக் கதையில் உங்களுக்குக் கவலை வேண்டுமென்றால் அந்தக் கவலையைப் படுங்கள்.

3

ஒரு காலையில் மேனேஜரின் ஒரு கண் வீங்கியிருந்தது. மூக்கில் நீர். மூச்சில் கொர் கொர் என்று சத்தம். வீட்டுக்காரர் நேராக உள்ளே வந்து டிராயரைத் திறந்தார்.

(எல்லா வீட்டிலும் அந்த டிராயர் இருக்கும். பாதியில் நிறுத்திய மருந்தெல்லாம் அங்கேதான் குடியிருக்கும். எங்கள் டிராயரில் அவருடைய பல்வலிக்குக் கொடுத்த மாத்திரைகள் மிச்சம் இருந்தன.)

"இதுல அரை மாத்திரைய நுணுக்கிப் போட்டாப் போதும்ல?"

"உங்க பல்லுக்குக் குடுத்தது அது. கோழிக்குப் பல்லா இருக்கு?"

அவர் டிராயரை மூடினார். பிறகு மேனேஜரை வயர் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். இந்த இடத்தில் இவர் பாத்திரம் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. மனைவி சொன்னதை இவ்வளவு சீக்கிரம் கேட்கிற கணவனை எந்த வாசகர் நம்புவார்? ஆனால் நடந்தது இதுதான். கோழி விஷயத்தில் மட்டும் கேட்பார்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாடிக் பவுடர் எழுதிக் கொடுத்தார். நான்கு கோழிக்கும் அந்தத் தண்ணீர்தான், வேறு தண்ணீர் வைக்கக் கூடாது.

"கொஞ்சம் தெளிஞ்சதும் பாதியில நிறுத்திடாதீங்க. மிச்சம் வெச்சு டிராயர்ல போட்டுக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் முட்டையும் சாப்பிடக் கூடாது, யாருக்கும் குடுக்கவும் கூடாது."

டிராயர் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். "கோழிக்குப் போய் டாக்டரா அண்ணா? அறுத்துப் போட்டா ஒரு வேளை ஓடும்."

"உனக்குக் காய்ச்சல் வந்தப்ப நாங்க அப்படியா நெனச்சோம்?" என்றார் அவர். அவள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

4

கிண்ணத்தில் தண்ணீர் குறைந்துகொண்டுதான் இருந்தது. அவரும் சந்தோஷமாக நிரப்பிக்கொண்டே இருந்தார். செக்கரும் கண்டக்டரும் கிளீனரும் முன்னைவிட மினுமினுப்பாக ஆனார்கள். மேனேஜர் மட்டும் இளைத்துக்கொண்டே போனது.

நான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தது அப்போதுதான். ஒளிப்பானேன், கோழி செத்துப்போகும் என்று முடிவு செய்துதான் ஆரம்பித்தேன். செத்தால் கதை நிற்கும், பிழைத்தால் வெறும் செய்தி. மதிலோரம் குழி, தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கும் டிரைவர் என்று கடைசிப் பத்தியை முதலிலேயே எழுதிவிட்டேன். நன்றாக வேறு வந்திருந்தது.

மேஜையில் கிடந்த தாளை அவர் பார்த்துவிட்டார். நான் எழுதியதை அவர் படிப்பதே கிடையாது. அன்றைக்கென்று படித்தார்.

"அது இன்னும் உசுரோடதானே இருக்கு? அதுக்குள்ள குழி தோண்டிட்டியா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

5

சரி, குழியை மூடிவிட்டு நோயிலிருந்து ஒழுங்காக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

'மேனேஜர் தண்ணீர் குடித்தது.'

எப்படிக் குடித்தது? தெரியவில்லை. இத்தனை நாள் கோழிகளோடு இருந்தும் ஒரு கோழி தண்ணீர் குடிப்பதை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்க்காததை எழுதினால் எனக்குக் கை கூசும். (இந்த ஒரு நல்ல குணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு அதிகம் கிடைக்காது.) முக்காலியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

கிளீனர் வந்தது. அலகைத் தண்ணீரில் விட்டது, தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கியது, கழுத்து அசைய விழுங்கியது. மறுபடி குனிந்தது, மறுபடி தூக்கியது. கோழிக்கு உறிஞ்சத் தெரியாது போலிருக்கிறது. வாயில் எடுத்துத் தலையைத் தூக்கினால்தான் உள்ளே போகிறது.

பிறகு மேனேஜர் வந்தது. மாடு இளைத்தாலும் கொம்பு இளைக்குமா? அதே மிடுக்கு நடை. அலகைத் தண்ணீரில் விட்டது. அப்படியே நின்றது. எடுத்தது. தலையைத் தூக்கவில்லை. மறுபடி விட்டது, எடுத்தது, தூக்கவில்லை. செக்கர் ஓடி வந்து ஒரு கொத்துக் கொத்தியதும், வயிறு நிறைந்த மாதிரி திரும்பி நடந்தது.

மருந்தெல்லாம் நன்றாக இருந்தவர்கள் வயிற்றுக்குப் போயிருக்கிறது. நோயாளி வாயை நனைத்துக்கொண்டு கௌரவமாக ஒதுங்கியிருக்கிறது. என் வாக்கியம் பொய்.

போன் போட்டேன். டிப்போவில் இருந்தார்.

"என்னங்க, மேனேஜர் தண்ணியே குடிக்கல."

"காலையில குடிச்சுதே, நான்தான் பாத்தேனே."

"வாய நனைச்சதப் பாத்தீங்க. தலையத் தூக்குச்சா?"

அந்தப் பக்கம் எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது.

"தூக்கலம்மா," என்றார்.

6

டாக்டரம்மாவிடம் நான்தான் விவரம் சொன்னேன். கோழியைத் தனியாகப் பிரித்து வைக்கச் சொன்னார். அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேறு மருந்து கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லாக் கவனிச்சிருக்கீங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"எழுதறேன்."

"ஆபீஸ்லயா?"

"வீட்லதான். கதை."

"அதான்," என்றார்.*

* இந்த 'அதான்' அளவுக்கு என்னை எந்த விமர்சகரும் பாராட்டியதில்லை. வீடு வரும் வரை கூடையை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். கனமே தெரியவில்லை.

அன்றிலிருந்து டியூட்டிக்கு முன்னும் பின்னும் வீட்டுக்காரர் மேனேஜரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். கூட்ட நேரத்தில் பஸ்ஸைத் திருப்புகிற நிதானத்தோடு, ஒரு சொட்டு உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொட்டு. முட்டைகளை மண்ணில் ஆழமாகப் புதைத்தார். அடுத்த வீட்டுத் தையல்கார அக்கா முட்டை கேட்டுக் கிண்ணத்தோடு வந்தபோது, "டாக்டர் சொல்ற வரைக்கும் கிடையாதுக்கா, கோவிச்சுக்காதீங்க" என்று திருப்பி அனுப்பினார். "கூட்டு சேர்ந்து கோழிய ராணியாக்கிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே போனார் அக்கா.

டிப்போவில் அவர் பேசியது எனக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. ஒரு கண்டக்டர் (மனிதக் கண்டக்டர்) வீட்டு வாசலில் வந்து நின்றார். "எங்க வீட்டு ஆடு சரியா மேய மாட்டேங்குது மேடம். நீங்க எழுத்தாளராமே, ஒரு தடவை வந்து பாக்கறீங்களா?"

டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்துக்கொண்டேன்.

7

முடிவுகள்.

அ) மதிலோரம் குழி. ஏற்கெனவே எழுதி வைத்தது. நல்ல பத்தி. கிழித்துவிட்டேன்.

ஆ) மேனேஜர் செக்கரைத் துரத்தித் துரத்திக் கொத்துகிறது. டிப்போவுக்கே அவர் மிட்டாய்—

இ) இப்போது நடந்துகொண்டிருப்பது.

மருந்து நேற்றோடு முடிந்தது. வீக்கம் வற்றிவிட்டது, மூச்சுச் சத்தம் இல்லை. தானாகத் தண்ணீர் குடித்தால் தேறிவிட்டது என்று அர்த்தம், இல்லையென்றால் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் கிண்ணத்தைக் கழுவி வெறும் தண்ணீர் வைத்திருக்கிறார். செக்கரைக் கூண்டுக்குள் அடைத்தாயிற்று. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் அந்த நடையோடு கிண்ணத்தை நோக்கி வருகிறது.

"எழுத்தாளரம்மா," என்று கூப்பிடுகிறார். கிண்டலாகத்தான் இதுவரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். இப்போது குரலில் கிண்டல் இல்லை. "நீ வந்து பாரு. எனக்குப் பாக்கத் தெரியாது."

இதற்கு மேல் நான் இங்கே உட்கார்ந்திருந்தால் என்னைவிட அசடு கிடையாது. பேனாவை வைத்துவிட்டுப் போகிறேன். கதையை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அலகு தண்ணீரில் இருக்கிறது. அவசரப்பட்டுக் 'குடித்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கழுத்தைப் பாருங்கள்.