நான்காம் அத்தியாயம் தவறு

அண்ணன் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய், இப்போது செயற்கைக்கால் மாட்டியிருக்கிறார். மாதக் கடைசிக்குள் எதையும் பிடிக்காமல் நடந்து காட்டினால் டிப்போவில் நேரக் காப்பாளர் வேலை தருகிறோம் என்றிருந்தார்கள். இல்லையென்றால் வீட்டில்தான். ஒன்பது நாள் பாக்கி இருந்தது. அண்ணனோ பயிற்சிக்கூடத்தில் இரண்டு பக்கக் கம்பிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து காலையே பார்த்தபடி நின்றார்.

வழக்கமாகக் கூட வரும் அண்ணிக்குக் காய்ச்சல். அதனால் அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக அந்தப் பயிற்சிக்கூடத்துக்குப் போனேன்.

"குதிகால்... பாதம்... விரல்..." என்று ஒவ்வொன்றாக வாயால் சொல்லி, கண்ணால் பார்த்து வைக்க வேண்டுமாம். சொல்லி முடிப்பதற்குள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மூன்று வாரமாக இதே கூத்து. சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுக்கு அண்ணன் வைத்த பெயர் லெஃப்ட்ரைட் அம்மா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார், அந்த அம்மாவும் சிரித்துக்கொள்வார்.

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது.

"எந்த மகான் மேடம் இந்த முறைய உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று வெடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. டிராயரைத் திறந்து, அட்டை கிழிந்து டேப் ஒட்டிய ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். அது புனைபெயரில் நான் எழுதிய புத்தகம்.

நான் கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள். போன நூற்றாண்டுப் பிரெஞ்சு தத்துவவாதி ஒருவரைப் பற்றிப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய அறிமுக நூல் அது. உடம்பு நாம் வைத்திருக்கும் சாமான் இல்லை, அது வழியாகத்தான் நமக்கு உலகமே கிடைக்கிறது என்று பேசியவர் அவர். அச்சடித்த ஐந்நூறு பிரதியில் முந்நூறு எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கட்டில் ஆடாமல் நிற்பதே தத்துவத்தால்தான் என்பார் என் வீட்டுக்காரர்.

அதில் நான்காம் அத்தியாயம் தவறு. அந்த மனிதருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் வாதத்தை எதிராளியைவிட அழகாக எடுத்து வைப்பார், பல பக்கம் தள்ளித்தான் அதை உடைப்பார். நான் அந்த எதிராளியின் பக்கங்களை அவருடைய சொந்தக் கருத்து என்று நம்பி, உருகி உருகி விளக்கியிருந்தேன். உடம்பு எதையும் துண்டு துண்டாகப் பிரித்து, கவனித்து, பெயர் சொல்லித்தான் கற்றுக்கொள்கிறது என்று. அவர் சொன்னது நேர் எதிர். போன வருடம் ஒரு வாசகர் கடிதம் எழுதி இதைச் சுட்டிக்காட்டினார். ரோஷத்தில் பதில்கூடப் போடவில்லை. யார் படிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

இதோ, ஒருத்தர் வரி வரியாகப் படித்து, என் அண்ணனையே அதன்படி நடக்க வைத்துக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணன் தலை நிமிராமல் மறுபடியும் "குதிகால்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"இத எழுதுனதே நான்தான் மேடம். அந்த அத்தியாயம் தப்பு. அவர் மறுத்தத, அவர் சொன்னதா எழுதிட்டேன்."

"நீங்களா?" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த வேலைய விட்டுடலாம்னு இருந்தேன். கால் போனவங்ககிட்ட அளவும் வலியும் மட்டுந்தான் கேட்டுக்கிட்டிருந்தோம். உலகம் இப்ப உங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு கேக்கணும்னு உங்க முதல் அத்தியாயத்துல இருந்துச்சு. கேட்டேன். ஒருத்தர் ஒரு மணி நேரம் அழுதுட்டு, மறுநாள் தானா பயிற்சிக்கு வந்தார். அதுலதான் நான் இங்கயே தங்கிட்டேன். அதுவும் தப்பா?"

"இல்ல. அது அவர் சொன்னதுதான்."

"அப்பாடா! அப்ப மிச்சத்தத் திருத்திக்கலாம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 'திருத்திக்கலாம்' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு ஆயுசு முழுக்க அவருக்கு நன்றி சொல்வேன்.

"சரி, நிஜமா அவர் என்னதான் சொல்றார்?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரக்ஞை, அனுபவம் என்று ஆரம்பித்தேன். கம்பிக்குள்ளிருந்து அண்ணன் குறுக்கே புகுந்தார்.

"ஏம்மா, கிளட்ச்சக் குனிஞ்சு பாத்துக்கிட்டா நான் பஸ் ஓட்டுனேன்? பஸ்ஸோட நாலு மூலையும் என் தோள்ல இருந்துச்சு. சந்துல நுழையுமான்னு டேப் வச்சா அளந்தேன்? ரோட்டப் பாத்தேன், போனேன்."

"அதேதான் அண்ணே அவர் சொல்றது!"

"அப்ப அந்த ஆளு நல்ல டிரைவரா வந்திருப்பான்."

நாற்பது பக்கத்தில் நான் கோட்டைவிட்டதை நாலு வரியில் முடித்துவிட்டார். பொறாமையாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் எழுந்து அண்ணனின் இடுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டார். "இங்க உங்க ரோடு எது அண்ணே?"

அண்ணன் நிமிர்ந்தார். "இதோ நிக்கிறாளே, இவதான். இன்னைக்கு இவள விடுறதா இல்ல."

"மேடம், எதிர்ல நில்லுங்க. அவர் வர வர பின்னால போங்க."

போனேன். அண்ணன் என் கண்ணையே பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். "மூணு வாரம்! ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி குதிகால், பாதம்னு ஒப்பிக்க விட்டியே! சின்ன வயசுலயும் இப்படித்தான். கணக்குத் தப்பாப் போட்டுட்டு, விடைப் புத்தகம்தான் தப்புன்னு சொல்லுவ!" எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்துக்கொண்டே போனேன். திட்டு நிற்கவில்லை. வாசகர் கடிதத்துக்குப் பதில் போடாததற்கும் சேர்த்தே வாங்குவதாக நினைத்துக்கொண்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

என் முதுகு கதவில் இடித்தது. அண்ணன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார். பிடித்துக்கொள்ளப் பழக்கமாக இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

"கம்பி எங்க?" என்றார்.

பிசியோதெரபிஸ்ட்தான் பதில் சொன்னார்.

"அது அங்கயே நின்னுடுச்சு அண்ணே. நீங்கதான் வந்துட்டீங்க."