ஆர்மாஸின் தோளில் உருகாத பனி

போரிலிருந்து திரும்பிய ஆர்மாஸின் இடது தோளில் ஓர் உள்ளங்கை அளவு பனி இருந்தது. அவன் சாகும்வரை அது உருகவில்லை. ஜூலை வெயிலில் சட்டை கொஞ்சம் ஈரமாகும், அவ்வளவுதான். எங்கள் மருத்துவர் வெந்நீர்ப் பை வைத்துப் பார்த்தார். பைதான் ஆறிப்போனது. பிறகு ஊர் உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் கட்டாய ராணுவத்துக்கு எங்கள் ஊரிலிருந்து ஆர்மாஸ், தாவெத்தி, உர்ஹோ மூவரும் ஒரே அணியில் போனார்கள். உர்ஹோ மரம் அறுக்கிறவன், ஹில்யாவின் புருஷன். மோதிர விரலில் பாதியை ரம்பத்துக்குக் கொடுத்திருந்தான். ஒரு ரொட்டியை மூன்றாகப் பிய்த்துத் தின்று, ஒரே கம்பளிக்கு அடியில் தூங்கி, ஒருவரையொருவர் திட்டித் தீர்த்த நாட்கள் அவை. அந்தக் குளிர்காலத்தைத் தன் கல்யாணத்தைவிட இனிப்பாகச் சொல்வான் தாவெத்தி. அவன் மனைவியும் கோபித்துக்கொண்டதில்லை. போர்முனையில் தரைக்குள் குழி வெட்டி, கல் அடுக்கி, நீராவியில் குளிக்க ஒரு சவுனா கட்டினார்கள். குண்டு விழுகிற இடத்திலும் பின்லாந்துக்காரனுக்குச் சனிக்கிழமை வேர்த்துக் குளித்தாக வேண்டும்.

இருட்டிய பிறகுதான் அடுப்பு மூட்டலாம் என்பது உத்தரவு. அன்று மாலை தாக்குதல் என்று பேச்சு வந்ததால் உர்ஹோ பட்டப்பகலில் மூட்டினான்.

"புகையைப் பாத்து அடிப்பானுங்கடா!" என்றான் தாவெத்தி.

"அடிக்கட்டும். அழுக்கோட செத்தா ஹில்யா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

குளித்துவிட்டு வெளியே வந்து, பனியை அள்ளி ஆர்மாஸின் தோளில் உர்ஹோ அப்பினான். அப்போதுதான் குண்டு விழுந்தது. அப்பிய பனி அப்படியே இருக்க, உர்ஹோ மட்டும் சரிந்தான்.

இறந்தவனை ஊருக்கு அனுப்பி, சொந்தத் தேவாலயத்தின் பக்கத்தில் புதைப்பது எங்கள் படையின் வழக்கம். உர்ஹோவைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்தார்கள். பின்வாங்கும் வழியில் ஏரியின் பனிக்கட்டி உடைந்து வண்டி மூழ்கிவிட்டது. சமாதானம் வந்தபோது அந்த ஏரி அடுத்த நாட்டுக்குப் போயிருந்தது. ஊரில் வெட்டிய குழி வெறுங்குழியாகவே கிடந்தது.

உர்ஹோவின் மனைவி ஹில்யா ஆர்மாஸை வாசற்படி ஏறவிடவில்லை.

"மூணு பேரா போனீங்க. அவர விட்டுட்டு எந்த மூஞ்சியோட வந்து நிக்கிற?"

சனிக்கிழமைதோறும் அவன் போய் வேலிக்கு வெளியே நின்றான். அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்காமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாவது கோடையில், சொல்ல வழி தெரியாமல், நடுத்தெருவில் சட்டையைக் கழற்றிவிட்டான். கத்த வந்த ஹில்யா அருகே போய்ப் பார்த்தாள். பனியில் ஐந்து விரல் தடம். ஒன்றில் பாதி இல்லை. தன் கையை அதன்மேல் வைத்து வெகுநேரம் நின்றாள்.

"குளிச்சிட்டாரா?"

"குளிச்சு முடிச்சிட்டான்."

"அப்ப ரெண்டு பேரும் உள்ள வாங்க," என்று கதவைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவள் வீட்டு மேசையில் காபிக் கோப்பைகள் நான்கு இருந்தன, தாவெத்தியும் வருவான். வயதாகி ஆர்மாஸ் இறந்தபோது அவனை உர்ஹோவின் குழியில் புதைத்தோம். ஜூலையிலும் அங்கே ஒரு கையளவு பனி கிடக்கிறது. புல் வெட்டுகிறவர் அதைச் சுற்றி வெட்டுகிறார்.