கைக்குழந்தை வீட்டுக்கு முதல் குடம்

2023 ஜூன் 22, வியாழன். என் அங்கன்வாடி நோட்டில் நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. செவ்வந்தியின் மகள் ரித்திகா தரையிலிருந்து நான்கடி உயரத்தில் மிதக்கிறாள் என்று எழுதியிருந்தேன். டேப்பைக் கட்டிலிலிருந்து பிடித்து அளந்துவிட்டு, கட்டிலின் உயரத்தைக் கூட்ட மறந்துவிட்டேன். சரியான அளவு ஐந்தடி எட்டு அங்குலம். குழந்தைக்கு வயது ஒன்பது மாதம்.

கல்லாங்காட்டுக் காலனியில் வயிற்றுப்போக்கு கண்ட கைக்குழந்தைகள் மேலே எழும்பத் தொடங்கியது முந்தின ஆண்டுக்கு முந்தின கோடையில். உடம்பிலிருந்து தண்ணீர் போகப் போக எடை குறையும். எடை குறையக் குறையக் குழந்தை ஏறும். முதலில் எழும்பியது ரூபனின் ஏழு மாத மகன். வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று வீட்டில் இரண்டு நாள் சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவன் கூரை ஓட்டுச் சந்து வழியாக வெளியே போனான். ரூபன் பைக்கில் நெகமம் வரை துரத்தினான். காற்றாலைகளுக்கு மேலே புள்ளியாகத் தெரிந்தவரை பார்த்ததாகச் சொன்னான். உடல் இல்லாமல் இறப்புச் சான்று தர முடியாது என்றார்கள். பதிவேட்டில் 'வெளியூர் சென்றார்' என்று இருக்கிறது.

அடுத்த ஆண்டு நான்கு குழந்தைகள் எழும்பின, இந்த ஆண்டு ரித்திகாவோடு ஒன்பது. தாய்மார்கள் அரைஞாணில் எடைக்கல் கட்டக் கற்றுக்கொண்டார்கள். சந்தையில் பழைய எடைக்கல் கிலோ எண்பது ரூபாய்க்குப் போனது. அந்த வாரம் தக்காளி இருபத்திரண்டு. பஞ்சாயத்துத் தலைவர் சுப்பண்ணன் வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் வீதிக்குத் தினமும் தண்ணீர் வருகிறது, காலனிக்கு ஒன்பது நாளைக்கு ஒரு முறை.

"காத்துல போயராம இருக்கோணும், அவ்ளோதானுங்க? ஊட்டுக்கு ஒரு வலை குடுத்தர்லாம்" என்றார்.

செவ்வந்தியின் மாமியார் பழனியாத்தாள் விடவில்லை. "வலை எதுக்குங்க, மீன் புடிக்கவா? கொழாயி சாக்கடைக்குள்ள கெடக்குது. அதை எடுத்து மேல போட்டாப் போதுமுங்க."

"அதுக்கு எஸ்டிமேட் போயிருக்குதுங்க."

"எங்க போயிருக்குதுங்க? ரூபன் பையன் போன பக்கமா?"

வலை வந்தது. நீல நிறம், நல்ல கனம்.

காலனியில் ஒரு வழக்கம் உண்டு. குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் குடங்கள் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு. இதற்காக யாரும் சண்டை போட்டதில்லை. காலனியில் சண்டை இல்லாத ஒரே காரியம் அது. தம்பிதுரை வீட்டாரோடு மட்டும் ஒரு பழைய தகராறில் யாரும் பேசுவதில்லை, அதனால் அவர்களுக்குக் கடைசிக் குடம்தான். அவர்களுடைய இரட்டைக் குழந்தைகள் ஒரு நாளும் எழும்பவில்லை. அவர்கள் மற்றவர்களுக்கு ஏதோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே பேச்சு. பதினான்கு குழந்தைகளின் வீடுகளையும் குடம் பிடித்த வரிசையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எட்டு நாள் காலியாகக் கிடக்கும் குழாய், விரிசல் வழியே சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் திறந்ததும் அதுதான் முதலில் வருகிறது. நான் தவறு செய்கிறவள் என்பதால் மூன்று முறை சரிபார்த்தேன். இதில் தவறு இல்லை.

இன்று காலை செவிலியர் கோமளா உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களோடு வந்தார். "தண்ணிய நிறுத்துனாத்தான் புள்ள ஏறும், கண்ணு. காய்ச்சி ஆறவெச்ச தண்ணில கரைச்சுக் கரண்டி கரண்டியாக் குடு" என்றார். செவ்வந்தி ஸ்டூல்மேல் நின்று கொடுத்தாள். மதியம் நான்கடி, மாலை இரண்டடி. ஆறரை மணிக்கு ரித்திகாவின் குதிகால் பாயில் பட்டது. பட்டதும் அழுதாள், கண்ணில் நீர் வந்தது. இனி முதல் குடம் வாங்காதே என்று நான் வரிசையைக் காட்டிச் சொன்னபோது செவ்வந்தி நோட்டைப் பார்க்கவே இல்லை.

"ஊரே எம்புள்ளைக்குன்னு உட்டுக்குடுக்கற குடம் அம்மணி அது. வேண்டாம்னு சொல்லிப்போட்டு, தம்பிதுரை ஊட்டுக்காரியாட்ட நானும் கடைசீல நிக்கறதா?"

மற்ற வீடுகளிலும் அதே பதில். வலைக்கு எல்லோரும் பழகிவிட்டார்கள். கொக்கி மாட்ட ஆள் இருக்கிறது. தாலாட்டை அண்ணாந்து பாடுகிறார்கள். விருந்தாளி வந்தால் குழந்தை எங்கே என்று கேட்டுவிட்டு மேலே பார்க்கிறார்கள்.

கலங்கல் தெளிய ஐந்து குடம் ஆகும். ஐந்து குடம் என்பது ஒரு வீட்டுக்கு மூன்று நாள் தண்ணீர்.

நாளை வெள்ளி, தண்ணீர் வரும் நாள். காலை ஆறு மணிக்கு எல்லோருக்கும் முன்னால் குழாயடியில் நின்று, குழந்தை வீடுகளுக்கான முதல் ஐந்து குடங்களையும் நானே பிடித்துச் சாக்கடையில் கொட்ட வேண்டும்.