தெளிந்த முகம்

தனக்கு நுரையீரல் புற்றுநோய் என்று பிரேமலா தன் ஊரான கோத்தா திங்கியில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. முகமெல்லாம் சிவந்து கொப்புளித்தபோது, "அம்மை லா" என்று சொல்லிச் சமாளித்தாள். எதிர்வீட்டு வெள்ளையம்மா அதை நம்பி, தினமும் கேட்டில் வேப்பிலை செருகிவிட்டுப் போனாள்.

ஜோகூர் பாரு டாக்டர் தமிழிலேயே விளக்கியிருந்தார். "செல்லுக்கு வளரச் சொல்லி உத்தரவு கொடுக்கிற புரதம் ஒன்னு இருக்கும்மா. வேலை முடிஞ்சா அது வாயை மூடணும். உங்க நுரையீரல்ல அது மூடாம கத்திக்கிட்டே இருக்கு. இந்த மாத்திரை அதை அடக்கும். தோல்லயும் அதே புரதம் இருக்கிறதால முகத்துல பரு வரும். வந்தா பயப்படாதீங்க, பெரும்பாலும் மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

பரு மறைந்தால் என்ன அர்த்தம் என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. பரு வந்த நாளிலிருந்து, கண்ணாடியில் தன் கோரத்தைப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

இன்று காலை துணி காயப்போட வந்தவளின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள் வெள்ளையம்மா. "முகம் பளிங்காட்டம் ஆயிருச்சே பிரேமா. ஆத்தா எறங்கிட்டா. இனி பயமில்ல."

பிரேமலா சிரித்து வைத்தாள். உள்ளே ஓடிக் கண்ணாடி முன் நின்று கன்னம், நெற்றி, மூக்கோரம் எல்லாம் தடவிப் பார்த்தாள். பெயருக்கு ஒரு பரு இல்லை. நெஞ்சுக்குள் பழைய இருமல் புரண்டது.

மறுபடி கேட்டுக்கு ஓடினாள். வாடிய வேப்பிலையை உருவி முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"எறங்காத ஆத்தா. என் முகத்துலயே இரு."