வஜ்ஜிரம் பூசிய கித்தான்

என் புருஷன் இன்னொகெந்திக்கு, என் கேஷாவுக்கு, கடலையும் கப்பலையும் தவிர வேறெதுவும் வரைய வராது. போருக்கு முன்னால் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஜெர்மன்காரன் ஊரைச் சுற்றி வளைத்த முற்றுகைக் குளிர்காலத்தில் அதே கப்பல்கள் எங்கள் சோற்றில் மண்ணைப் போட்டன.

கித்தானில் வண்ணம் தீட்டுமுன் வஜ்ஜிரம் காய்ச்சிப் பூசுவார்கள். மாட்டுத்தோலிலும் எலும்பிலும் எடுக்கிற பசை அது. லெனின்கிராதில் ஒருநாள் பங்கு ரொட்டி உள்ளங்கைக்குள் அடங்கிப்போனதும் எல்லோரும் வஜ்ஜிரக் கட்டியைத்தான் கொதிக்கவைத்து, உறையவிட்டுத் தின்றோம். எங்கள் கட்டிகள் தீர்ந்துவிட்டன. மிச்சம், கோடையில் அவன் தடிமனாகப் பூசிச் சுருட்டிவைத்த கித்தான்கள்தான். கொதிநீரில் போட்டால் பசை இறங்கும். ஆனால் ஈயவெள்ளைச் சாயம் ஒரு தீற்றல் பட்டுவிட்டால் அவ்வளவுதான், விஷம்.

அவனோ வரைந்துகொண்டே இருந்தான். நேவா ஆற்றில் உறைந்து நின்ற போர்க்கப்பல்கள், பனியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் மொள்ளும் பெண்கள். ஒவ்வொரு படமும் எங்கள் தாஸ்யா குடித்திருக்க வேண்டிய சூப். ஆறு வயதுப் பிள்ளை, எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

கடைசிக் கித்தான் ஆளுயரம் இருக்கும். அதை அவன் சட்டத்தில் அடித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேஷா, புள்ளையப் பாரு. இந்தக் கப்பல வரைஞ்சு யாருக்குக் காட்டப் போற?"

"இதெல்லாம் யாராச்சும் பாத்து வைக்கணும், லீதா. நாளைக்கு வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

"நம்பாட்டி போறாங்க."

பக்கத்து அறைக் கப்பித்தோலினா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். "மீன் படமா வரையச் சொல்லேன்டி. வாசனையாவது வரும்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"காலைல அத அடுப்புல போடப் போறேன். பெயிண்ட் மட்டும் பட்டிருக்கட்டும், அப்புறம் இருக்கு உனக்கு."

இருட்டோடு ரொட்டி வரிசைக்குப் போய், நன்றாக விடிந்தபின் திரும்பினேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிப் படத்தின் முன் உட்கார்ந்திருந்தான். கித்தான் முழுக்கக் கப்பல்கள், கரை, பனி ஓட்டையைச் சுற்றிப் பெண்கள். முன்னால், கையில் கெண்டியோடு, தாஸ்யா நின்றுகொண்டிருந்தாள்.

"அடப்பாவி, பெத்த புள்ள வாயில அடிச்சிட்டியே," என்று அவன் முதுகில் ஓங்கிக் குத்தினேன்.

அவன் அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். உயிர் எப்போதோ போய், உடம்பு விறைத்திருந்தது. விரல்களுக்கிடையே தூரிகை இல்லை, அடுப்புக்கரி இருந்தது. வண்ணப்பெட்டியில் கட்டிய கயிறு அவிழ்க்கப்படவே இல்லை. கித்தானை விரலால் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அத்தனையும் வெறும் கரி. கரி யாரையும் கொல்லாது, வயிற்றுப்போக்குக்கு நாங்களே தின்போம். நான் வேகவைப்பதற்கென்றே அவன் அப்படி வரைந்திருந்தான்.

வாய்விட்டு அழுதேன். பிறகு கப்பித்தோலினாவைக் கூப்பிட்டேன்.

"வந்து பாரு. யாராச்சும் பாத்து வைக்கணும்னான்."

அவள் வெகுநேரம் பார்த்தாள். தாஸ்யாவைப் போர்வையோடு தூக்கிவந்து காட்டினேன்.

"அப்பா என்னை நிக்க வச்சிருக்காரு," என்றாள்.

ஆணிகளைப் பிடுங்கி, கித்தானை நான்காக வெட்டிக் கொதிக்கவைத்தேன். தண்ணீர் கறுத்துக்கொண்டே வந்தது. உறைந்த கூழும் கறுப்பு. தாஸ்யா வழித்து வழித்துத் தின்றாள். பாதி தின்றதும், பல்லெல்லாம் கறுப்பாக, சுவரில் சாய்ந்து தானாகவே உட்கார்ந்தாள்.

"கப்பலெல்லாம் எங்கம்மா?"

"பேசாம தின்னு."

மாலுமி செத்தால் கித்தானில் வைத்துத் தைப்பார்கள். காய்ந்த நான்கு துண்டுகளையும் ஒட்டித் தைத்து அவனை உள்ளே வைத்தேன். கப்பித்தோலினாதான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். தலைமாட்டுத் துண்டில் கெண்டி பிடித்த ஒரு சின்னக் கை மட்டும் அழியாமல் மங்கலாக நின்றது. அந்தப் பக்கத்தை உள்ளே, அவன் முகத்துக்கு நேராக வைத்துத் தைத்தேன்.